மூன்று வரிக் கடிதமும் 482 விசாவும்

திருகோணமலையில் சீனன்குடாப் பக்கம் ஒரு டீசல் வேர்க்ஷொப்பில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறேன். பஸ், லொறி, மீன்பிடி வள்ளத்து எஞ்சின், ஜெனரேட்டர் எல்லாம் என் கைபட்டவை. இப்போது அவுஸ்திரேலியாவின் 482 விசா கிடைத்திருக்கிறது. அங்குள்ள முதலாளி ஒருவர் ஸ்பொன்சராக நின்று வேலைக்கு எடுக்கும் தற்காலிக விசா அது. நிலாவெளியிலிருந்தும் மூதூரிலிருந்தும் தம்பிமார் போன் எடுத்து "எப்படி அண்ணா எடுத்தீர்கள், எவ்வளவு கொடுத்தீர்கள்?" என்று கேட்கிறார்கள். அந்த இரண்டாவது கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

2023இல் நானும் அதையேதான் கேட்டேன். டவுனில் ஒருவர், "ஸ்பொன்சர் ரெடியாக இருக்கிறது, மூன்று இலட்சம் அட்வான்ஸ் தாருங்கள்" என்றார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்தேன். எந்தக் கொம்பனி, முதலாளி யார் என்று கேட்டபோதெல்லாம் அடுத்த மாதம் சொல்கிறேன் என்றார். ஏழு மாதம் கழித்துப் பாதிக் காசுதான் திரும்பி வந்தது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி இலக்கம் அவரிடம் இருக்கவில்லை. பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு ஒரு போன் எடுத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதைவிடப் பெரிய விஷயம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஸ்பொன்சர் செய்வதற்காகக் காசு கேட்பதும் கொடுப்பதும் 2015 டிசம்பரிலிருந்து அவுஸ்திரேலியாவில் சட்டவிரோதம். கொடுத்தவருடைய விசாவும் ரத்தாகலாம். அந்த விசா வந்திருந்தாலும் அது எனக்குக் கண்டமாகத்தான் முடிந்திருக்கும்.

2025 தொடக்கத்தில் விக்டோரியாவில் இருக்கும் மச்சான், தனக்குத் தெரிந்த லொறி வேர்க்ஷொப் முதலாளி ஒருவர் ஆள் தேடுகிறார் என்று சொன்னார். வீடியோ கோலில் அவர் என்னிடம் ஒரு இன்ஜெக்டர் பம்பைக் கழற்றிப் பூட்டச் சொன்னார். முக்கால் மணித்தியாலம் ஒரு வார்த்தை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன்னுடைய விசா முகவரோடு பேசச் சொன்னார்.

அந்த முகவர் மெல்பேர்னில் இருக்கும் ஒரு தமிழ் அக்கா. ஒருமுறை சூடுபட்டவன் என்பதால் முதலில் அவருடைய பதிவு இலக்கத்தைக் கேட்டேன். கோபப்படாமல் தந்தார். ஏழு இலக்கம். அரசாங்கத்தின் இணையப் பதிவேட்டில் தேடிப் பார்த்தேன், பெயர் இருந்தது. ஒன்று கவனியுங்கள்: அவுஸ்திரேலியாவுக்குள் இருந்து ஆலோசனை சொல்பவருக்குத்தான் இந்தப் பதிவு கட்டாயம். திருகோணமலையிலோ கொழும்பிலோ இருப்பவருக்கு அந்தச் சட்டக் கட்டாயம் இல்லை. அப்படிப் பதிவில்லாத வெளிநாட்டு ஆள் பிழைவிட்டால் அங்கே முறையிட்டுப் பரிகாரம் தேடுவது கஷ்டம்.

வேலை மூன்று படியாக நடந்தது. முதலாளி ஸ்பொன்சராக அங்கீகாரம் எடுக்க வேண்டும், பிறகு அந்த வேலைக்கு என்னைப் பெயர் குறித்து விண்ணப்பிக்க (நொமினேட் பண்ண) வேண்டும், கடைசியில்தான் என் விசா விண்ணப்பம். முதல் இரண்டுக்குமான செலவு முழுக்க முதலாளியுடையது. ஸ்பொன்சர் அரசாங்கத்துக்குக் கட்டும் பயிற்சி வரி என்று ஒன்று உண்டு. சிறிய நிறுவனமென்றால் வருஷத்துக்கு 1,200 டொலர், பெரியதென்றால் 1,800. அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது. எனக்கு விசாக் கட்டணம், மெடிக்கல், பரீட்சைச் செலவு மட்டும்தான். நொமினேட் செய்யுமுன் அந்த வேலைக்கு அவுஸ்திரேலியாவில் குறைந்தது 28 நாள் விளம்பரம் போட வேண்டும். அது தெரியாமல், அந்த ஒரு மாதமும் என்னைக் கைவிட்டுவிட்டார்கள் என்று நினைத்து நித்திரையில்லாமல் கிடந்தேன்.

அக்காவின் அருமை தெரிந்தது அனுபவக் கடிதத்தில்தான். எங்கள் முதலாளி நல்ல மனுஷன். "இவர் எம்மிடம் வேலை செய்தார், நேர்மையானவர், வாழ்த்துகிறோம்" என்று மூன்று வரி எழுதித் தந்தார். அக்கா அதைத் திருப்பி அனுப்பினார். எந்தத் திகதியிலிருந்து, வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம், என்ன சம்பளம், எந்தெந்த எஞ்சின், யாருக்குக் கீழே என்று எல்லாம் கேட்டார். முதலாளியும் நானும் மூன்று பின்னேரம் பழைய பில் புத்தகங்களைப் புரட்டினோம். நான் செய்த வேலை இவ்வளவா என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடிதம் இரண்டு பக்கம் வந்தது.

அடுத்த சிக்கல் சம்பளத்துக்கான ஆதாரம். எனக்கு ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டியது கடைசி நாலு வருஷம்தான். முன்னே எல்லாம் கைக்காசு. நான் வேலை பழகிய இரண்டு வருஷத்தையும் சம்பள வேலையாகப் போட்டால் நல்லது என்று சொன்னேன். அக்கா உறுதியாக மறுத்துவிட்டார். "தம்பி, பொய்த் தகவல் பிடிபட்டால் மூன்று வருஷத்துக்கு விசா தரமாட்டார்கள். 2024 டிசம்பரில் விதி மாறியதிலிருந்து ஒரு வருஷ அனுபவம் போதும். உங்களிடம் ஆதாரத்தோடு நாலு வருஷம் இருக்கிறது" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த நம்பிக்கை இன்றுவரை குறையவில்லை.

பெயரும் ஒரு வில்லங்கம். பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, என்.வி.கியூ 4 தொழில் தகைமைச் சான்றிதழில் இன்னொரு மாதிரி, கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் முன்னால். சமாதான நீதவானிடம் சத்தியக் கடதாசி முடித்து ஆங்கில மொழிபெயர்ப்போடு அனுப்பினோம். உங்களுக்கு இப்படி இருந்தால் வேலை தேட முதலே சரிசெய்து விடுங்கள்.

ஐ.ஈ.எல்.ரி.எஸ் ஆங்கிலப் பரீட்சையில் முதல் தடவை எழுத்துப் பகுதியில் 4.5. ஒவ்வொரு பகுதியிலும் 5 வேண்டும். இரண்டாம் முறை சரி. மெடிக்கலுக்கும் கைரேகைக்கும் இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வந்தேன்.

2025 ஜூலைக்குப் பிறகு நொமினேட் செய்ததால் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 76,515 டொலர் இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஒப்பந்தத்தில் அதற்கு மேலே இருக்கிறது. கையெழுத்துப் போட முதல் மனைவியோடு உட்கார்ந்து வரி வரியாக வாசித்தேன். இந்த வேலை நின்றுபோனால் வேறு ஸ்பொன்சர் தேட ஒரே தடவையில் 180 நாள் தருவார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மனைவியின் முகம் தெளிந்தது.

அடுத்த கிழமை பணியகத்தில் பதிய வேண்டும். நகை இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. முதல் மூன்று சம்பளத்தில் அதை மீட்பதாக மனைவிக்குச் சொல்லியிருக்கிறேன். வேர்க்ஷொப் முதலாளி அந்த இரண்டு பக்கக் கடிதத்தின் பிரதியொன்றை லாச்சியில் வைத்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த இரண்டு பெடியளுக்கும் இந்த மாதத்திலிருந்து ஈ.பி.எப் கட்டத் தொடங்கிவிட்டார்.