கோழி, ஈமு, சைட்டேஷன் கணக்கு

ஜூலை 8, 2024, திங்கள்

தர மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் எத்தனை சைட்டேஷன் (அதாவது அவருடைய கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்), எச்-இண்டெக்ஸ் எவ்வளவு என்று பட்டியல் எடுக்கும் வேலை நூலகத்தின் தலையில், அதாவது என் தலையில், விழுந்திருக்கிறது. ஒருவருடைய இருபது கட்டுரைகள் தலா இருபது முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எச் 20. இந்தக் கணக்கை 2005-இல் சொன்னவர் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். கோயம்புத்தூரில் தாவரவியல் சொல்லித் தருகிறவரின் பதவி உயர்வு வரைக்கும் அது வந்து சேர்ந்துவிட்டது.

உயிர்த்தொழில்நுட்பத் துறைத் தலைவர் வேறு பிடித்துக்கொண்டார். "சார், அடுத்த வெள்ளிக்கிழமை பசங்ககிட்ட அரை மணி நேரம் பேசுங்க. புற்றுநோய் மரபணுக் கட்டுரைகளை வெச்சே சைட்டேஷன்னா என்னன்னு சொல்லிடுங்க." சரி என்றேன்.

ஜூலை 10, புதன்

புற்றுநோய் மரபணு ஆய்வாளர் ராபர்ட் வெய்ன்பெர்க்கிலிருந்து ஆரம்பித்தேன். 1982-இல் அவருடைய குழுவும் வேறு இரண்டு குழுக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தன. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்ச் செல்லின் ராஸ் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. அதனால் அந்த மரபணு உண்டாக்கும் புரதத்தின் 12-ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் போய் வேலின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது. அப்புறம் 'வளர், வளர்' என்ற கட்டளை ஓய்வதே இல்லை.

ஆனால் இதைவிடப் பல மடங்கு மேற்கோள் வாங்கியது, அவர் டக்ளஸ் ஹனஹானோடு சேர்ந்து 2000-இல் எழுதிய தொகுப்புக் கட்டுரை. அதில் புதுச் சோதனை எதுவும் கிடையாது. புற்றுநோய்ச் செல்லுக்கு ஆறு குணங்கள் என்று அழகாக அடுக்கியிருக்கிறார்கள். புற்றுநோயைப் பற்றி எழுத உட்காருகிறவர் முதல் பத்தியிலேயே அதைப் போட்டுவிடுகிறார். நன்றாக எழுதப்பட்ட கட்டுரைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு 1982 சிறியதாகவும் 2000 பெரியதாகவும் தெரியும். இதையெல்லாம் தாண்டி நிற்பது 1951-இல் லௌரி என்ற உயிர்வேதியியலாளர் எழுதிய, புரதத்தை அளக்கும் முறை. மூன்று லட்சம் மேற்கோளுக்கும் மேல்!

ஜூலை 11, வியாழன்

சர்வர் படுத்துவிட்டது. சாயங்காலம் வரை ஒன்றும் நகரவில்லை. வெளியே சாரல்.

ஜூலை 14, ஞாயிறு

நாமக்கல்லில் அத்தை வீடு. மாமாவின் முட்டைக் கோழிப் பண்ணையில் நின்றபடி, பெய்டன் ரௌஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரின் கதையைச் சொன்னேன். ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல் ஒன்றுகூடக் கடக்க முடியாத வடிகட்டியில் வடித்து, அந்த நீரை வேறு கோழிக்கு ஊசி போட்டார். அதற்கும் கட்டி வந்தது. வடிகட்டியைத் தாண்டிப் போனது ஒரு வைரஸ். கட்டுரை வந்தது 1911-இல். கோழிச் சமாச்சாரம்தானே என்று ரொம்ப காலம் பலர் ஒதுக்கிவைத்தார்கள். நோபல் கிடைத்தது 1966-இல், அவருடைய 87-ஆவது வயதில்.

மாமா அசரவில்லை. "ஏனுங்க மாப்பிள்ளை, வைரஸ்ல கோழிக்குக் கட்டி வரும்னு இங்க யாருக்குத் தெரியாது? மேரெக்ஸுக்குப் பொரிச்ச அன்னைக்கே கழுத்துல ஊசி போட்டுத்தான குஞ்சை அனுப்பறாங்க?" மேரெக்ஸ் என்ற கோழி நோயைத் தருவது ஹெர்பிஸ் வகை வைரஸ், ரௌஸ் பிடித்தது வேறு வகை என்றேன். "ஈரல் வீங்கிப் போச்சுன்னா எல்லாம் ஒண்ணுதானுங்க" என்று முட்டை விலை பேசப் போய்விட்டார்.

ஜூலை 16, செவ்வாய்

ரௌஸ் வைரஸுக்குள் இருந்த புற்றுநோய் மரபணுவின் பெயர் சார்க். பிஷப், வார்மஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்களின் கூட்டணி 1976-இல் காட்டியது என்னவென்றால், அந்த மரபணு வைரஸின் சொத்தே அல்ல. நோயில்லாத கோழியின் டி.என்.ஏ.விலேயே அதன் உறவு இருக்கிறது. காடை, வான்கோழி, வாத்து, ஈமு என்று தேடிப் பார்த்திருக்கிறார்கள், எல்லாவற்றிலும் இருந்தது. ஈமு என்று படித்ததும் பெருந்துறைப் பக்கம் ஈமு வளர்ப்புத் திட்டத்தில் போட்டு 2012-இல் பணத்தைத் தொலைத்த சொந்தக்காரர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஈமுவால் யாருக்காவது உருப்படியாக ஏதாவது கிடைத்ததென்றால் அது இந்த ஆய்வுக்குத்தான் போல.

இதற்கு 1989-இல் நோபல். கட்டுரையின் முதல் ஆசிரியர் ஸ்டெலினுக்குப் பங்கில்லை. அவர் வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார். இப்போது சார்க் பாடப்புத்தகத்துக்குப் போய்விட்டதால், அதைப் பற்றி எழுதுகிற பலர் 1976-ஐ மேற்கோள் காட்டுவதுகூட இல்லை. ஊரறிந்த உண்மையானால் மேற்கோள் குறையும்!

எனக்கு இதைவிட உறுத்துவது பி53. இந்தப் புரதத்தை 1979-இல் கண்டறிந்தார்கள். அடுத்த பத்து வருடம் அதன் மரபணு புற்றுநோயை உண்டாக்குவது என்றே எழுதினார்கள். சோதனைக்கு எடுத்த மரபணுப் பிரதிகளே பழுதானவை என்பதும், நல்ல பி53 புற்றைத் தடுக்கிறது என்பதும் 1989 வாக்கில்தான் தெளிவாயிற்று. அந்தப் பத்து வருடக் கட்டுரைகளும் மேற்கோள் வாங்கியவைதான். எச்-இண்டெக்ஸ் அதில் ஒன்றையும் கழிக்காது.

ஜூலை 19, வெள்ளி

பேச்சு முடிந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "அப்ப எங்க மேடத்தோட பேப்பருக்கு ரெண்டே சைட்டேஷன்னா அது நல்லதுங்களா, கெட்டதுங்களா சார்?" மேடமும் அறையில்தான் இருந்தார். அந்த இரண்டு பேர் எதற்காகக் காட்டினார்கள் என்று போய்ப் படித்துப் பார் என்றேன். மேடம் சிரித்துவிட்டார்.

பட்டியலில் எண்ணுக்குப் பக்கத்தில் 'எதற்காக' என்று ஒரு கட்டம் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறேன். இதுவரை நிரப்பித் தந்தவர் மேடம் மட்டும்தான்.