மத்தவங்களைப் பத்தி அவர் கேட்கவில்லை

"முன்னாடியே ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டிருந்தா என் வீட்டுக்காரருக்குச் சீழ் வந்திருக்காது இல்லையா டாக்டர்?" என்று கேட்டார், நான் பித்தப்பை ஆபரேஷன் செய்த ஒருவரின் மனைவி. "ஊசி போட்டவங்களுக்கும் சில பேருக்கு வருதும்மா" என்று நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தானோ என்னவோ இன்னும் உறுத்துகிறது. "மத்தவங்களைப் பத்தி நான் கேக்கலையே டாக்டர்" என்றார் அந்த அம்மா.

அவர் கணவருக்குச் சர்க்கரை இல்லை, காமாலை இல்லை, பித்தக்குழாயில் கல் இல்லை. லேப்ராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பையை எடுக்கும்போது அது கிழியவில்லை, பித்தமும் சிந்தவில்லை. இப்படிப்பட்டவருக்கு முன்கூட்டியே ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று 2013 அமெரிக்க வழிகாட்டுதலே சொல்கிறது. போடவில்லை. வீட்டுக்குப் போனவர் தொப்புள் தையல் சிவந்து திரும்பி வந்தார். ஒரு தையலைப் பிரித்ததுமே சீழ். தொப்புளில்தான் இது அதிகம், பையை இழுத்து எடுப்பது அந்தத் துளை வழியாகத்தானே. கல் பெரிதாக இருந்ததால் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தவும் வேண்டியிருந்தது.

சீழிலிருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் வளர்ந்தது ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. ரிப்போர்ட்டில் செஃபசோலின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கு நேரே 'எஸ்', அதாவது கட்டுப்படும். நான் போடாமல் விட்ட அதே மருந்து. வாரக்கணக்கில் கழித்து வரும், டி.பி.க்கு உறவான கிருமி என்றால் கருவிகளைச் சுத்தம் செய்த விதத்தைக் குறை சொல்லியிருக்கலாம். அது செஃபசோலினுக்கு மசியவும் மசியாது. அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த 'எஸ்' எதையும் நிரூபிக்கவில்லை. வெட்டும் முன் போடும் ஒரு டோஸ், இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். கிருமி அதற்கப்புறம் வந்திருந்தால்?

ஆய்வுகளும் கைகொடுக்கவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் 2010 தொகுப்பில் 11 ஆய்வுகள், 1664 பேர். போட்டதற்கும் போடாததற்கும் தெளிவான வித்தியாசம் இல்லை. 2014-இல் ஜப்பானில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பார்த்ததில், போட்டவர்களுக்குத் தொற்று குறைவு. இரண்டையும் படித்துவிட்டுத்தான் போடாமல் விட்டேன். அதே ஆள் நாளை வந்தாலும் அதுதான் சரி. தேவையில்லாத ஊசியில் அனாஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை, வந்தால் அந்த வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது?

"தெரியலம்மா, வராமலும் இருந்திருக்கலாம்" என்று சொல்லியிருக்கலாம். கேஸ் போடுவார்கள் என்ற பயமா? இல்லை, அவர் குரலில் கோபமே இல்லை. காயத்துக்கு எத்தனை நாள் கட்டு மாற்றணும் என்றுதான் அடுத்துக் கேட்டார். 'வராமலும் இருந்திருக்கலாம்' என்பதை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டால், அடுத்தவருக்கு ஊசி வேண்டாம் என்று சொல்ல வாய் வராது என்று பயந்தேன் போலிருக்கிறது.

சொல்லாமலே வாய் வரவில்லை. மயக்க மருந்து டாக்டர் "ஆன்டிபயாட்டிக் வேணுமா?" என்றால், நோயாளியின் வயதையும் சர்க்கரை அளவையும் மறுபடி புரட்டுகிறேன், ஏதாவது காரணம் அகப்படாதா என்று. இரண்டு மணி நேரத்தைத் தாண்டும் ஆபரேஷனுக்குப் போடலாம் என்று ஒரு விதி இருக்கிறது. போன வாரம் 'நேரம் இழுக்கலாம்' என்று எழுதிப் போடச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது.