பேஸ் மால்பஸ்: கோயில் இழந்த காவலர்

2016 டிசம்பரில் 'ரோக் ஒன்' என்ற ஸ்டார் வார்ஸ் திரைப்படம் வெளிவந்தபோது, டானி யென் நடித்த பார்வையற்ற துறவி சிர்ரட் இம்வேயை எல்லோரும் கொண்டாடினார்கள். அந்தப் பாராட்டுக்கு அவர் முழுத் தகுதியுடையவர்தான். ஆனால், ஸ்டார் வார்ஸ் உலகில் சமயம் என்பது என்ன என்று யோசிக்கும்போதெல்லாம் என் மனம் போய் நிற்பது, அவருக்குத் துணையாக வரும் பேஸ் மால்பஸிடம்தான்.

இருவரும் 'வில்ஸின் காவலர்கள்' என்ற சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள். வீரத்துறவிகளான ஜெடை வீரர்களுக்குரிய அபூர்வ ஆற்றலோ ஒளிவாளோ இவர்களிடம் இல்லை. ஜெடா நகரத்தில் உள்ள கைபர் கோயிலைக் காப்பதே இவர்களுடைய கடமை. விண்மீன் மண்டலத்தை ஆளும் கொடுங்கோல் பேரரசு அந்தப் புனித நகரத்தைக் கைப்பற்றி, கோள்களையே அழிக்கவல்ல டெத் ஸ்டார் என்ற போர்நிலையத்தின் ஆயுதத்துக்காகக் கைபர் படிகங்களை அள்ளிச் சென்ற பிறகு காவலர்கள் காப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அதன் பிறகும் சிர்ரட் ஜபத்தை விடவில்லை. பேஸோ ஜபத்தை விட்டுவிட்டு, முதுகுப் பெட்டியோடு குழாயால் இணைந்த கனத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டார். ஒரு காலத்தில் காவலர்கள் அனைவரிலும் மிகுந்த பக்தியுடையவராக இருந்தவர் பேஸ்தான் என்று சிறையறையில் சிர்ரட் சொல்லும்போது, அதுவரை வெறும் எரிச்சலாகத் தெரிந்த பேஸின் பேச்சுக்கெல்லாம் வேறு பொருள் கிடைத்துவிடுகிறது.

எல்லா உயிர்களையும் பிணைப்பதாக இவர்கள் நம்பும் ஃபோர்ஸ் என்ற ஆற்றல் தன்னைக் காப்பாற்றியதாகச் சிர்ரட் சொன்னால், காப்பாற்றியது நான் என்று பேஸ் மறுக்கிறார். நம்பிக்கையில்லாதவர் பேசும் பேச்சாகவே இது எடுத்துக்கொள்ளப்படுகிறது. நான் அப்படிக் கருதவில்லை. கோயில் போன பிறகும், நகரம் போன பிறகும், கண் தெரியாத அந்த மனிதரை விட்டு அகலாமல் இருப்பதுதான் பேஸ் கைவிடாத காவல்பணி. டெத் ஸ்டாரின் தாக்குதலில் ஜெடா அழிந்ததும், நகரம் முழுவதுமா என்று சிர்ரட் கேட்கிறார். முழுவதும் என்று பேஸ் சொல்கிறார். ஆறுதலாக ஒரு பொய்கூடச் சொல்லாத அந்தப் பதிலில் எத்தனை ஆண்டு நட்பு இருக்கிறது! பேஸாக நடித்த சீன இயக்குநரும் நடிகருமான ஜியாங் வென், குரலைச் சற்றும் உயர்த்தாமல் அந்த இடத்தைக் கடந்திருப்பது இன்றும் என்னை வியக்கவைக்கிறது.

இறுதிப் போர் நடக்கும் ஸ்காரிஃப் கோளின் கடற்கரையில், குண்டுமழைக்கு நடுவே ஜபித்தபடியே நடந்து சென்று சுவிட்சை இயக்கிய சிர்ரட், திரும்பும்போது வெடிப்பில் வீழ்கிறார். ஃபோர்ஸைத் தேடு, அங்கே என்னைக் காண்பாய் என்று அவர் சொல்லிவிட்டு இறந்ததும், எத்தனையோ காலம் வாயில் வராத அதே மந்திரத்தைப் பேஸ் உச்சரித்தபடி எழுந்து எதிரிகளை நோக்கி நடக்கிறார். இறையியல் விவாதம் எதுவும் அவரை மாற்றவில்லை, அற்புதம் எதுவும் நடந்து அவர் உயிர் பிழைக்கவும் இல்லை. நண்பர் விட்ட இடத்திலிருந்து ஜபத்தைத் தொடர வேண்டியது தன் கடமை என்றுதான் அவர் முதலில் உணர்ந்திருப்பார், நம்பிக்கை அதன் பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கும் என்பது என் துணிபு. படம் இதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆயினும் அவர் முன்பு காட்டிய கோபத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

இவர்களுடைய முந்தைய வாழ்க்கையை அறிய விரும்புவோர், 2017இல் கிரெக் ரக்கா எழுதிய 'கார்டியன்ஸ் ஆஃப் தி வில்ஸ்' நாவலைப் படிக்கலாம். பேரரசின் பிடியில் சிக்கிய ஜெடாவில், ஆதரவற்ற குழந்தைகளுக்காக இவ்விருவரும் படும் பாட்டை அது சொல்கிறது. ஜபத்தை விட்ட பேஸ் எதை விடவில்லை என்பது அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும்.