செஞ்சி நாட்குறிப்பு: ஆயா சொன்ன கோட்டை

டிசம்பர் 27, 2025, சனி

விடியற்காலையில் திண்டிவனத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு திருவண்ணாமலை பஸ் பிடித்தேன். செஞ்சி ஊரைத் தாண்டியதும் சாலையே கோட்டைக்குள் புகுந்து போகிறது. இடப்பக்கம் ராஜகிரி, வலப்பக்கம் கிருஷ்ணகிரி, தென்கிழக்கே தள்ளி சந்திரகிரி, மூன்றையும் வளைத்து கிட்டத்தட்ட 13 கிலோமீட்டருக்கு மதில்.

ராஜகிரி சுமார் 800 அடி. கேட்க அதிகமாகத் தெரியாது, ஏறினால்தான் தெரியும். பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் நிழலில் மூச்சு வாங்கினேன். இந்த மலைக்குக் கமலகிரி என்றொரு பழைய பெயர் உண்டு, அது அவளால் வந்தது.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கிறது. அகலம் 24 அடி, ஆழம் 60 அடி இருக்கும். அந்தக் காலத்தில் அதன்மேல் கிடந்த மரப்பாலத்தை எடுத்துவிட்டால் அவ்வளவுதான், எத்தனை ஆயிரம் பேர் கீழே நின்றாலும் மேலே வர முடியாது. ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் 1690-இல் இங்கே வந்து முற்றுகை போட்டவர், 1698-இல்தான் கோட்டையைப் பிடித்தார் என்று படித்தபோது நம்பவே முடியவில்லை, இன்று அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்ததும் புரிந்தது. உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராமும் அவர் கையில் சிக்காமல் தப்பிவிட்டார்.

டிசம்பர் 28, ஞாயிறு

காலையில் சிங்கவரம். பல்லவர் காலத்துக் குடைவரைக் கோயில், பாறையிலேயே செதுக்கிய நீண்ட சயனக்கோலத்தில் ரங்கநாதர். முகம் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

போருக்குக் கிளம்பும் முன் தேசிங்குராஜன் இங்கே வந்து உத்தரவு கேட்டானாம், போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம், அவன் கேட்கவில்லையாம். இதைச் சொல்லும்போதெல்லாம் எங்கள் ஆயா தன் முகத்தையும் திருப்பிக் காட்டுவாள். கதையில் அவளுக்குப் பிடித்தவன் தேசிங்கு அல்ல, மகபத்கான்தான். வழுதாவூரில் கல்யாணம் நடந்துகொண்டிருக்க, ஓலை வந்ததும் மணமேடையை விட்டு எழுந்து குதிரை ஏறி, தோழனுக்காகச் செத்துப்போனவன்.

வரலாறு என்று எடுத்தால் விஷயம் பணம். கோட்டையை நிர்வகித்த பந்தேலா ராஜபுத்திரர் சொரூப்சிங் 1714-இல் இறக்கிறார், மகன் தேஜ்சிங் வந்து பொறுப்பேற்கிறான், அவன்தான் நம் தேசிங்கு. ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகான் கப்பப் பாக்கியைக் கேட்க, இவன் தர மறுக்கிறான். அக்டோபர் 3, 1714, சில நூறு குதிரைவீரர்களோடு பெரும்படையை எதிர்த்து இறந்தபோது வயது 22. மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர்தான் ராணிப்பேட்டை.

ஜனவரி 1, 2026, வியாழன்

இரண்டு நாளாக ஒரே யோசனை. 1190 வாக்கில் ஆனந்தக்கோன் முதல் கோட்டையைக் கட்டினார் என்கிறார்கள். அப்புறம் நாயக்கர்கள், 1649-இல் பீஜப்பூர், 1677-இல் சிவாஜி, முகலாயர், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். இத்தனை பேரில் ஓராண்டுகூட ஆளாத ஒரு பையனைத்தான் ஊர் பாடுகிறது. கல்யாண மகாலைக் கட்டிய நாயக்கர்களின் பெயர் யார் வாயிலும் வருவதில்லை, அது எனக்கு வருத்தம்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி சேர்ந்ததும் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டில் ஒன்றாகத்தான். அந்த வரிசையில் தமிழ்நாட்டுக்கோட்டை இது ஒன்றே.

ஆனாலும் ஆயாவின் பக்கம்தான் நான். கப்பக் கணக்குக்காக நடந்த ஒரு சண்டையில் ஒரு ராஜபுத்திரனையும் ஒரு முஸ்லிம் தோழனையும் சேர்த்தே நினைவில் வைத்துப் பாடியிருக்கிறார்கள், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

பாண்டிச்சேரி கடற்கரை. காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கல்தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தவை. எத்தனையோ முறை இதில் சாய்ந்து சுண்டல் சாப்பிட்டிருக்கிறேன், தெரியாது. இன்று ஒவ்வொரு தூணாகத் தொட்டுப் பார்த்தேன். உப்புக்காற்றில் பிசுபிசுவென்று இருந்தது.

மகபத்கானின் சமாதி கடலி கிராமத்தில் இருப்பதாகச் சிங்கவரத்தில் ஒரு பெரியவர் சொன்னார். பொங்கல் கழிந்ததும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.