தயிருக்குள்ள நிக்கிற தண்ணி

மட்டக்களப்பு எருமைத்தயிர் நல்லாக் கட்டினா சட்டியக் கவிழ்த்தாலும் விழாது. அதப் பார்த்திட்டு கன பேர் நினைக்கிறது உள்ளுக்கு இருக்கிற தண்ணி முழுக்க புரதத்தோட ஒட்டித்தான் நிக்கிது எண்டு, விஞ்ஞானம் படிக்கிற பிள்ளைகளும் அப்பிடித்தான் சொல்றாங்க. கணக்குப் பார்த்தா சரிவராது. எருமைப்பால் 100 கிராம்ல தண்ணி 82, 83 கிராம் மட்டில, புரதம் 4 கிராம் மட்டில. ஒரு கிராம் புரதம் உண்மையா ஒட்டிப் பிடிக்கிறது 0.3, 0.4 கிராம் தண்ணிதான், அப்ப மொத்தமா ஒண்டரைக் கிராம் கிட்டத்தான் வரும். மிச்சமெல்லாம் புரத வலைக்குள்ள மாட்டுப்பட்ட சும்மா தண்ணி, கரண்டியால அள்ளின குழியில கொஞ்ச நேரத்தில ஊறி நிக்குமே, அதுதான்.

ரெண்டையும் பிரிச்சுக் காட்ட மின்புலத்துக்கு ஏலும். தண்ணி மூலக்கூறு புலம் திசை மாற மாற தானும் திரும்பும், அறை வெப்பநிலையில சும்மா தண்ணி கிட்டத்தட்ட 20 கிகாஹேர்ட்ஸ் வரைக்கும் ஈடு குடுக்கும், புரதத்தோட ஒட்டினது அதுக்குக் கனக்க முன்னமே பின்தங்கிரும். ஆனா இத அளக்கிற சாதாரண எல்சிஆர் மீற்றர் (கொள்ளளவம், தடை அளக்கிற கருவி) அவ்வளவு தூரம் போகாது. அதால எனக்குப் பிடிச்ச வழி உறைய வைக்கிறது. மைனஸ் 20 பாகையில சும்மா தண்ணி ஐஸாகிரும், ஒட்டின தண்ணி உறையாது. 1 மெகாஹேர்ட்ஸில ஐஸ்ட டைஇலெக்ட்ரிக் கொன்ஸ்டன்ட் (மின்புலத்துக்கு எவ்வளவு இணங்குது எண்ட அளவு) 3 சொச்சம்தான், அதுக்கு மேல தயிர் மாதிரி ஒரு புரத ஜெல் கூடக் காட்டினா உறையாத தண்ணிட பங்கு அதுக்குள்ள இரிக்கி. இதையே 1 கிலோஹேர்ட்ஸில அளந்தா ஐஸே கனக்கக் கூடக் காட்டும், ஒண்டும் விளங்காது.

தயிர்ல நேரா அளக்க வேணாம், அதில இருக்கிற உப்பெல்லாம் உறையேக்க ஒதுங்கி செறிவான உப்புத்தண்ணியா நிண்டு கரண்டக் கடத்தும். அயன் நீக்கின தண்ணியில கரைச்ச ஜெலட்டின் நல்லம், நம்மட பக்கம் ஹலால் மாட்டு ஜெலட்டின் எண்டு கேட்டு வாங்குங்க. நோன்புக்குக் காய்ச்சிற கடற்பாசி (அகார்) சரிவராது, அது புரதமே இல்ல. ரெண்டு ஸ்டெயின்லெஸ் தகட்டுக்கு நடுவில கண்ணாடித் துண்டு வெச்சு, இளஞ்சூட்டில குமிழி இல்லாம ஊத்தி, தகட்ட இறுக்கிப் பிடிச்சிரணும், ஐஸ் விரியேக்க இடைவெளி கூடினா வாசிப்பே பிழைச்சிரும்.

இதில என்னைப் பிடிச்சு வெச்சிரிக்கிறது 1986ல இத்தாலிக்காரர் காரேரியும் கூட்டாளிகளும் லைசோசைம் எண்ட புரதத்திட பவுடர்ல கண்டது. புரதத்த முழுசா மூட கிராமுக்கு 0.38 கிராம் மட்டில தண்ணி வேணும், ஆனா 0.15 கிராம் வந்த உடனயே புரோட்டான் தாவிப் போக பாதை திறந்து கடத்துதிறன் ஏறத் தொடங்கிருது. ஜெலட்டின் படலத்திலயும் அப்பிடி ஒரு எல்லை தெரியுதா எண்டு பாக்க ஆசை. மாரியில இஞ்ச காத்து முழுக்க ஈரம், வெளிய வெச்சா ஒண்டும் காயாது, மூடின பெட்டிக்குள்ள நிரம்பிய உப்புக் கரைசல் வெச்சு ஈரப்பதன 75 வீதத்தில நிப்பாட்டி, மறுகா மக்னீசியம் குளோரைட்டுக்கு மாத்தி 33க்கு இறக்கி, ஒவ்வொரு படியிலயும் படலத்தத் தராசில நிறுத்து, கடத்துதிறன அளக்கணும்.