நார்ச்சத்துக்கு முன்னால் தண்ணீர்

பார்க்கின்சன் நோயாளிக்கு மலச்சிக்கல் என்றால் "நார்ச்சத்து நிறையக் கொடுங்கள்" என்பார்கள். பல வீடுகளில் நிலைமை மோசமாவதே அங்கிருந்துதான். இந்த நோய் குடலை அசைக்கும் நரம்புகளையும் பாதிக்கிறது. மலம் பெருங்குடலில் மெல்ல நகர்கிறது. அங்கே கிடக்கும் நேரமெல்லாம் குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போதிய தண்ணீர் இல்லாமல் தவிடும் இசப்கோலும் போய்ச் சேர்ந்தால் வயிறு உப்பும், மலம் இன்னும் இறுகும்.

அதனால் முதல் வாரம் சாப்பாட்டை மாற்றாமல் தண்ணீரை மட்டும் சரிசெய்யுங்கள். ஒரு நாளைக்கு 1.5 முதல் 2 லிட்டர். இதயம் அல்லது சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மருத்துவர் சொல்லும் அளவு. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பலருக்குத் தாகமே சரியாகத் தெரிவதில்லை. கை நடுங்குபவருக்குத் தம்ளரைப் பாதி நிரப்பி, இரண்டு மடங்கு தடவை கொடுங்கள். இரவில் சிறுநீருக்கு எழுந்திருக்க வேண்டுமே என்று பயந்து பகலிலும் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. பெரும்பகுதியை மாலை 6 மணிக்குள் முடித்துவிட்டால் அந்தப் பயம் குறையும்.

அதன் பிறகு நார்ச்சத்து. இலக்கு நாளுக்கு 25 முதல் 30 கிராம், ஆனால் வாரத்துக்குச் சுமார் 5 கிராம்தான் கூட்ட வேண்டும். தோலோடு ஒரு நடுத்தர ஆப்பிளில் 4 கிராமுக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். வேகவைத்த பருப்பு கால் கப்பிலும் ஏறக்குறைய அவ்வளவே. தினம் இரண்டு கிவி, அல்லது ஊறவைத்த உலர் பிளம்ஸ் ஐந்தாறு, நல்ல தொடக்கம். பிளம்ஸில் உள்ள சார்பிட்டால் குடலுக்குள் நீரை இழுத்து வைக்கும்.

பருப்பில் மட்டும் ஒரு சிக்கல். பார்க்கின்சனுக்குக் கொடுக்கும் முக்கிய மருந்தான லெவோடோபாவோடு பருப்பிலுள்ள புரதம் போட்டி போடும். மாத்திரை போட்டும் உடல் இளகவில்லை என்றால், பருப்பை இரவு உணவுக்குத் தள்ளிப் பாருங்கள். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாக ஒரு முழுத் தம்ளர் தண்ணீரோடு கொடுத்தால், அன்றைய தண்ணீர்க் கணக்கும் ஏறும். மலச்சிக்கல் தீர்ந்தபின் மாத்திரை சீராக வேலை செய்வதையும் பலரிடம் பார்க்கலாம்.

இசப்கோல் கொடுப்பதானால் ஒரு டீஸ்பூனை 250 மி.லி. தண்ணீரில் கலக்கி உடனே குடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் விட்டால் கூழாகிவிடும். விழுங்கும்போது இருமலோ புரையேறுவதோ இருந்தால் இது வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்கு மசித்த பழமே பாதுகாப்பு, தண்ணீரின் பதத்தையும் பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளுக்கும் இசப்கோலுக்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

காலை உணவு முடிந்து 20, 30 நிமிடத்தில் கழிப்பறையில் உட்கார வையுங்கள். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும் நேரம் அது. பாதங்களுக்கு அடியில் 15 முதல் 20 செ.மீ. உயரப் பலகை, முழங்கால் இடுப்பைவிட உயரமாக, உடல் சற்று முன்னால் சாய்ந்து, பத்து நிமிடம். முக்க வேண்டாம்.

சில நாள் மலம் போகாமல் இருந்து திடீரென்று நீராகக் கசிந்தால் வயிற்றுப்போக்கு என்று எண்ணி நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். இறுகிய மலத்தைச் சுற்றி வழியும் நீராக இருக்கலாம். வாந்தி, வயிறு வீங்கி வலிப்பது, காற்றுகூடப் பிரியாதது, இரத்தம், இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். போகும்போது எல்லா மாத்திரைகளையும் எடுத்துச் செல்லுங்கள்: நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில், இரும்புச்சத்து மாத்திரை இரண்டுமே மலத்தை இறுக்கும்.