பல் காட்டப் போன இடத்தில் தெரிந்த சீனி வருத்தம்

பல் துலக்கித் துப்பும்போது எச்சில் சிவப்பாக இருப்பதை இரண்டு வருடம் நான் பெரிதாக எடுக்கவில்லை. முதலில் காட்டிய ஒரு கிளினிக்கில் பற்பசையை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். அப்புறம் கீழ்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது. பயந்துபோய் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி, வாட் பிளேஸில் இருக்கும் பல் வைத்தியசாலைக்குப் போனேன்.

டொக்டர் கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் முரசுக்குள் (ஈறுக்குள்) இறக்கி அளந்தார். 3 மில்லிமீற்றர் வரை பயமில்லையாம். எனக்குப் பல இடங்களில் 5, 6. முரசு நோய் என்றார். "வீட்டில் யாருக்கும் சீனி இருக்கிறதா?" என்று கேட்டார். அம்மாவுக்கு, இரண்டு மாமாமாருக்கு. "உங்களுக்கு?" நான் ஒருநாளும் பார்த்ததில்லை. உடனே எச்பிஏ1சி பரிசோதனைக்கு எழுதித் தந்தார். கடந்த இரண்டு மூன்று மாதத்தில் இரத்தத்தில் இருந்த சராசரிச் சீனியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அது. 6.5 சதவீதம் வந்தாலே நீரிழிவு என்றார்கள். எனக்கு 7.4.

பிறகு நான்கு தடவை போனேன். ஒவ்வொரு முறையும் வாயின் கால்பங்கை மரக்கவைத்து, முரசுக்குக் கீழே படிந்த கல்லைச் சுரண்டி எடுத்தார்கள். வலியை விட அந்தச் சத்தம்தான் கஷ்டம். விறைப்பு போகும்வரை சூடாக ஒன்றும் குடிக்காதீர்கள். நாக்கு வெந்தாலும் தெரியாது.

என் மனதை அரித்தது வேறு. அம்மாவுக்கு 50 வயதுக்குள் பல் எல்லாம் போய்விட்டது, சீனியும் வந்தது. இரண்டும் ஒரே பரம்பரையா? மூன்றாவது தடவை போனபோது கேட்டுவிட்டேன்.

இதற்கென்று ஒரு தனி மரபணு இல்லை என்றார் டொக்டர். இரத்தச் சீனியைக் கட்டுப்படுத்தும் இன்சுலினின் சுரப்போடு தொடர்புடைய டிசிஎஃப்7எல்2 என்ற மரபணுவில் சிறு மாற்றம் இருப்பவர்களுக்கு சீனி வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2006இல் தெரியவந்தது. முரசு நோயில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-1 போன்ற மரபணுக்களை நெடுநாளாக ஆராய்கிறார்கள். கிருமி எல்லார் வாயிலும் உண்டு. சில உடம்புகள் அதை எதிர்க்கிற வேகத்தில் பல்லைத் தாங்கும் எலும்பையே கரைத்துவிடுகின்றன. அதே அழற்சி இன்சுலினின் வேலையையும் மந்தமாக்குகிறது. கூடிய சீனி முரசை ஆற விடுவதில்லை.

அப்போது அவர் சொன்ன ஒரு செய்தி இன்னும் எனக்குள் நிற்கிறது. 1970இல் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயைப் பரிசோதித்து, 15 வருடம் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்தியமோ அவர்களுக்கு இருந்ததில்லை. அப்படி இருந்தும் சுமார் 8 சதவீதமானோருக்கே நோய் வேகமாக முற்றியது. 81 சதவீதமானோருக்கு மிதமாகப் போனது, 11 சதவீதமானோருக்கு முரசு வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஒரே வேலை, ஒரே லயக் குடியிருப்பு, ஆனால் உடம்பு வேறு வேறு. உலகப் பல் மருத்துவம் அதிலிருந்து நிறையக் கற்றதாம். என் தாத்தாவும் ஹற்றன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளிதான். ஒரு பிரஷ் கூட இல்லாமல் வாழ்ந்த மனிதர்களை நினைத்து அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மரபணுப் பரிசோதனை செய்யவா என்று கேட்டேன். தேவையில்லை, குடும்பத்தில் யார் யாருக்கு இருக்கிறது என்ற விவரமே போதும் என்றார். ஒரு குடும்பம் மரபணுவை மட்டுமா பகிர்கிறது, சீனி போட்ட தேநீரையும்தானே!

மூன்று மாதத்தில் எச்பிஏ1சி 6.7க்கு இறங்கியது. சீனியைக் குறைக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையும் எடுத்தேன், சோற்றையும் குறைத்தேன். அதனால் முரசு வைத்தியத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆய்வுகளில் முரசு வைத்தியத்தால் மூன்று நான்கு மாதத்தில் எச்பிஏ1சி சராசரியாக 0.4 அளவு குறைகிறதாம். இரத்தக் கசிவு நின்றுவிட்டது. ஆடிய பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது.

தம்பிக்கு 38 வயது. துலக்கும்போது இரத்தம் வருகிறதா என்று கேட்டேன். "எல்லாருக்கும் வரும்தானே அக்கா" என்றான். எச்பிஏ1சி பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போகத் தேவையில்லை என்பதால், செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன்.